உப்சாலாவில் எஸ்எஃப்ஐ வகுப்பும் ஃப்ளோக்ஸ்தா காரிடார் அறையும்: மாஸ்டர்ஸ் மாணவி ஒருத்தியின் விமர்சனம்

ஸ்வீடனுக்குப் படிக்கக் கிளம்பும் நம் பிள்ளைகளிடம் ஏஜென்ட் முதல் சீனியர் வரை எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள்: "அங்கே எல்லாரும் நல்லா இங்கிலீஷ் பேசுவாங்க, ஸ்வீடிஷ் தேவையே இல்லை." படிப்பைப் பொறுத்தவரை அது உண்மைதான். மாஸ்டர்ஸ் வகுப்பு, தேர்வு, தீசிஸ் எல்லாமே ஆங்கிலத்தில்தான் நடக்கின்றன. ஆனால் பல்கலைக்கழக வாசலைத் தாண்டி வெளியே வந்ததும் வாடகை ஒப்பந்தம் ஸ்வீடிஷில் இருக்கும், வரித்துறைக் கடிதம் ஸ்வீடிஷில் வரும், துணி துவைக்கும் அறையின் கதவில் ஒட்டிய அறிவிப்பும் ஸ்வீடிஷில்தான் இருக்கும். பார்ட் டைம் வேலைக்குப் போனால் முதல் கேள்வியே ஸ்வீடிஷ் தெரியுமா என்பதுதான்.

அதனால் இரண்டு விஷயங்களைச் சேர்த்து எழுதுகிறேன். ஒன்று, வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறுகிறவர்களுக்காக நகராட்சிகள் இலவசமாக நடத்தும் எஸ்எஃப்ஐ என்ற ஸ்வீடிஷ் மொழி வகுப்பு. மற்றொன்று, உப்சாலா நகரின் ஃப்ளோக்ஸ்தா பகுதியில் நான் குடியிருந்த மாணவர் காரிடார் அறை, அதாவது ஒரே நடையை ஒட்டி ஆளுக்கொரு அறை, எல்லோருக்கும் பொதுவாக ஒரு சமையலறை. வகுப்பில் கற்றதைப் பேசிப் பார்க்க எனக்குக் காரிடார் இருந்தது. காரிடாரில் காதில் விழுந்ததைப் புரிந்துகொள்ள வகுப்பு இருந்தது. இரண்டில் ஒன்று மட்டும் இருந்திருந்தால் இவ்வளவு பலன் கிடைத்திருக்காது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வகுப்பில் கட்டாயம் சேருங்கள், வந்தவுடனேயே அதற்கான வேலையைத் தொடங்குங்கள். சமையலறையைப் பலரோடு பங்கிட்டுக்கொள்ள மனம் இருந்தால், சமையலறையும் உள்ளேயே இருக்கும் தனி ஸ்டுடியோ வீட்டைத் தேடி அலைவதைவிடக் காரிடார் அறையே மேல்.

முதலில் யார் சேரலாம் என்பது. ஓராண்டோ அதற்கு மேலோ தங்கப்போகிறவர்கள் ஸ்கட்டெவெர்கெட் என்ற வரித்துறை அலுவலகத்தில் மக்கள்தொகைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். அங்கே கிடைப்பதுதான் பெர்சனல் நம்பர். அந்த எண் வந்தால்தான் வங்கிக் கணக்கு ஒழுங்காக அமையும், இணையத்தில் நம்மை அடையாளம் காட்டும் பேங்க்ஐடி கிடைக்கும், ஸ்விஷ் என்ற செல்போன் செயலியில் பணம் அனுப்ப முடியும். எஸ்எஃப்ஐ வகுப்பில் இடம் கேட்கவும் அதுவே அடிப்படை. ஒரு செமஸ்டருக்கு மட்டும் வரும் எக்ஸ்சேஞ்ச் மாணவர்களுக்குப் பொதுவாக இந்த எண் கிடைக்காது. அவர்கள் பல்கலைக்கழகமே நடத்தும் தொடக்கநிலை ஸ்வீடிஷ் பாடத்தையோ, ஸ்வீடிஷ் இன்ஸ்டிடியூட் இணையத்தில் இலவசமாகத் தரும் பாடத்தையோ நாடலாம்.

எஸ்எஃப்ஐயில் ஏ, பி, சி, டி என நான்கு படிகள் உண்டு. படித்த பின்னணிக்கு ஏற்ப மூன்று தடங்கள். பள்ளிக்கூடமே போகாதவர்கள் முதல் தடத்தில் ஏ படியிலிருந்து தொடங்குவார்கள். பட்டப்படிப்பு முடித்து வரும் நம்மை மூன்றாம் தடத்தில் போடுவார்கள். அதில் சி, டி என்ற இரண்டு படிகள்தான். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், மூன்றாம் தடத்தின் சி படி எழுத்திலிருந்தே தொடங்குகிறது. வேகம்தான் அதிகம்.

நான் சேர்ந்தது மாலை வகுப்பு. பகலில் லேபில் இருந்துவிட்டு நேராக சைக்கிளில் போய்விடுவேன். பக்கத்து இருக்கையில் உக்ரைனிலிருந்து வந்த கணக்காளர் ஒருவர், பின்னால் ஈரானைச் சேர்ந்த பல் மருத்துவர், ஜன்னலோரம் பிரேசிலைச் சேர்ந்த இளம் தம்பதி. எல்லோருக்கும் பொதுவான மொழி ஆங்கிலமும் இல்லை. அதனால் இடைவேளையில் காபி குடிக்கும்போதுகூடத் தட்டுத் தடுமாறியாவது ஸ்வீடிஷில்தான் பேச வேண்டியிருந்தது. பல்கலைக்கழகத்தில் எந்த ஸ்வீடன்காரரும் நம் தடுமாற்றத்தைக் கண்ட மறுநொடி அன்போடு ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார். இந்த வகுப்பில் அந்த வசதி இல்லாததுதான் பெரிய வரம்.

பாடத்திட்டத்தை மனதாரப் பாராட்டுகிறேன். கதையும் கவிதையும் வைத்துத் தொடங்காமல், வாழ்க்கைக்கு உடனே வேண்டியதை வைத்துத் தொடங்குகிறார்கள். காய்ச்சல் என்று வேலையிடத்துக்குப் போன் செய்து சொல்வது எப்படி, ஹீட்டர் ஓடவில்லை என்று வீட்டு நிறுவனத்துக்கு எழுதுவது எப்படி, அப்பாயின்ட்மென்ட் சீட்டில் தேதியும் நேரமும் எங்கே இருக்கும் என்று பார்ப்பது எப்படி, இப்படித்தான் போகும். ஹீட்டர் பற்றிய கடிதத்தை வகுப்பில் எழுதிப் பழகிய அதே குளிர்காலத்தில் என் அறையின் ரேடியேட்டர் நின்றுபோனது. வகுப்பு நோட்டிலிருந்த வாக்கியங்களை அப்படியே எடுத்து அனுப்பினேன். பதில் ஸ்வீடிஷிலேயே வந்தது, ஆளும் வந்தார்.

தமிழ் பேசுகிறவர்களுக்கு ஸ்வீடிஷ் உச்சரிப்பில் எதிர்பாராத சில சலுகைகள் உண்டு. இதை எந்த ஆங்கிலப் பாடநூலிலும் நான் பார்க்கவில்லை. உப்சாலா, ஸ்டாக்ஹோம் பக்கத்துப் பேச்சில் 'ர்' என்ற ஒலிக்குப் பின்னால் ட, ந, ல வந்தால் இரண்டும் கலந்து நாக்கு மேலண்ணத்துக்கு மடிந்துவிடும். குழந்தையைக் குறிக்கும் 'பார்ன்' என்ற சொல்லைக் கிட்டத்தட்ட 'பாண்' என்றே சொல்வார்கள், நம் ணகரம் அப்படியே. 'கார்ல்' என்ற ஆண் பெயர் 'காள்' ஆகிவிடும், அதில் வருவது நம் ளகரம். வகுப்பில் ஐரோப்பியர்கள் இந்த ஒலிகளுக்காகத் திணறிக்கொண்டிருக்க, ஆசிரியை என்னைச் சொல்லச் சொல்லி மற்றவர்களுக்குக் கேட்க வைத்தார். தெற்கே லுண்ட், மால்மோ பக்கம் இந்தச் சலுகை கிடையாது. அங்கே ரகரத்தைத் தொண்டையிலிருந்து எழுப்புவார்கள்.

அதேபோல் குறில் நெடில். ஸ்வீடிஷில் உயிர் நீண்டால் அடுத்த மெய் ஒற்றை, உயிர் குறுகினால் அடுத்த மெய் அழுந்தி வரும். 'பாடு', 'பட்டு' என்று சொல்லிப் பழகிய வாய்க்கு இது இயல்பாக வந்துவிடும். நம்மை உண்மையிலேயே படுத்துவது வேறு. உதட்டைக் குவித்துக்கொண்டு சொல்ல வேண்டிய இரண்டு மூன்று உயிரொலிகள் தமிழில் இல்லவே இல்லை. அவை பல மாதம் பிடிபடாது. ஏழு என்ற எண்ணுக்கான ஸ்வீடிஷ் சொல்லின் முதல் மெய்யொலியும் அப்படித்தான். இன்னொன்று வாக்கிய அமைப்பு. நம் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் போய் உட்காரும். ஸ்வீடிஷில் அது இரண்டாம் இடத்தை விட்டு அசையாது. 'இன்று' என்று தொடங்கினால் உடனே 'போகிறேன்', அதற்குப் பிறகுதான் 'நான்'. இதைப் படித்துப் பழக முடியாது, பேசிப் பேசித்தான் வரும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். விண்ணப்பித்ததும் இடம் கிடைக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். மாலை வகுப்புக்குக் கூட்டம் அதிகம், வாரக்கணக்கில் காத்திருக்க நேரலாம். நான் சேர்ந்த பயிற்சி நிலையத்தில் நடுவே ஆசிரியர் மாறினார். புதியவர் வந்து நடந்த பாடத்தையே மறுபடி எடுத்தார், ஒரு மாதம் அப்படியே ஓடியது. பகல் முழுக்க வேலை பார்த்துவிட்டு வருகிறவர்களும், முழுநேரம் மொழி மட்டுமே படிக்கிறவர்களும் ஒரே அறையில் இருப்பதால் வேகம் யாருக்கும் பொருந்தாத நாட்களும் உண்டு. தேர்வுக் காலத்தில் பல்கலைக்கழகப் பாடத்தையும் இதையும் சேர்த்து இழுப்பது கடினம். சொல்லாமல் கொள்ளாமல் தொடர்ந்து வராவிட்டால் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். தீசிஸ் நெருக்கத்தில் இருந்தால் ஆசிரியரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள், வழி செய்து தருகிறார்கள்.

படி முடிவில் நாடு முழுக்க ஒரே மாதிரியான தேர்வு இருக்கிறது: வாசிப்பு, கேட்பு, எழுத்து, பேச்சு. பேச்சுத் தேர்வில் இன்னொரு மாணவரோடு உட்கார வைத்து உரையாடச் சொல்வார்கள். எனக்கு ஜோடியாக வந்தவர் அந்தப் பல் மருத்துவர். அவர் பேச்சில் தடுமாறிய இடத்தில் நான் கேள்வி கேட்டு எடுத்துக்கொடுக்க, நான் சொல் கிடைக்காமல் நின்ற இடத்தில் அவர் கை கொடுத்தார். அப்படி உதவிக்கொள்வதற்கும் மதிப்பெண் உண்டு என்பது எனக்கு மிகவும் பிடித்தது.

இனி அறை. ஃப்ளோக்ஸ்தா என்பது நகரின் மேற்கே உயர்ந்து நிற்கும் மாணவர் குடியிருப்புக் கட்டடங்கள் கொண்ட பகுதி. ஒரு காரிடாரில் பன்னிரண்டு அறைகள், எல்லோருக்கும் ஒரே சமையலறை. என் அறைக்குள்ளேயே குளியலறை இருந்தது. வாடகை மாதம் 5,000 ஸ்வீடிஷ் குரோனர் வாக்கில், தண்ணீர், ஹீட்டர், மின்சாரம் எல்லாம் சேர்த்து. மாணவர் விசாவுக்கு மாதம் 10,000 குரோனருக்கு மேல் செலவுக்குக் கையில் இருப்பதாகக் காட்டச் சொல்கிறார்கள். அதில் கிட்டத்தட்ட பாதி வாடகைக்குப் போய்விடும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரவு பத்து மணிக்கு ஜன்னலைத் திறந்து எல்லோரும் கத்துவது ஃப்ளோக்ஸ்தாவின் பழைய வழக்கம். முன்கூட்டித் தெரியாமல் வருகிறவர்கள் முதல் நாள் பதறிவிடுவார்கள், அதனால் சொல்லிவைக்கிறேன்.

சமையலறைதான் காரிடாரின் உயிர். அடுப்பு மின்சார அடுப்பு, சூடாகவும் நேரம் எடுக்கும், ஆறவும் நேரம் எடுக்கும். ஆளுக்கொரு அலமாரி, ஃபிரிட்ஜில் ஆளுக்கொரு தட்டு. நம் சமையலுக்குப் பெரிய சங்கடம் தாளிப்பு. கடுகு வெடித்து மிளகாய் கருகும் புகைக்கு அலாரம் அடித்துவிடும். வீணாகத் தீயணைப்பு வண்டி வந்தால் அதன் செலவை நம்மிடமே கேட்பதும் உண்டு. எண்ணெய் காயும் முன்பே புகைபோக்கியை முழு வேகத்தில் வைத்து, ஜன்னலைத் திறந்து, மிளகாயைக் கடைசியில் போட்டு உடனே மூடிவிடுவது என் வழி. காரிடார் கதவை மட்டும் திறந்து வைக்கக் கூடாது, புகை அங்கே போனால்தான் வம்பு.

முறை வைத்து வாரம் ஒருவர் சுத்தம் செய்ய வேண்டும். சிலர் செய்ய மாட்டார்கள். பாத்திரம் குவிந்து கிடக்கும் வாரங்களில் எரிச்சல் வரத்தான் செய்யும். சுத்தம் விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே முடியாதவர்களுக்குக் காரிடார் வேண்டாம் என்றே சொல்வேன்.

அதே சமையலறைதான் எனக்கு இரண்டாவது வகுப்பறையாக இருந்தது. ஞாயிறு மாலையில் ஐந்தாறு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். நான் உள்ளே நுழைந்ததும் பேச்சு ஆங்கிலத்துக்கு மாறும். கொஞ்ச நேரம் போனதும் அவர்களை அறியாமல் ஸ்வீடிஷுக்கு நழுவிவிடும். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை, களைத்துப்போன மாலையில் தாய்மொழி தானாக வரும். நாம் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். பல மாணவர்கள் இங்கேதான் மெல்ல ஒதுங்கி, அறைக்குள் சாப்பிட ஆரம்பித்துவிடுகிறார்கள். டிசம்பரில் ஒன்பது மணிக்குச் சற்று முன்புதான் விடிகிறது, மூன்று மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுகிறது. அந்த இருட்டில் தனியாகச் சாப்பிடுவது உடம்பையும் மனதையும் எப்படிப் பிடித்து அழுத்தும் என்பதை அடுத்த மாடியில் இருந்த என் தோழியிடம் பார்த்தேன். அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சி படி பாதி முடிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மேசையில் சொன்னேன்: "ஸ்வீடிஷ்லயே பேசுங்க. புரியலைன்னா நானே கேக்கறேன்." எதிரே இருந்த பெண் இரண்டு முறை "உனக்குச் சரியா?" என்று கேட்டாள். பிறகு வேகத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு எல்லோரும் அப்படியே பேசத் தொடங்கினார்கள். முதல் மாதம் பாதிதான் பிடிபட்டது. அப்புறம் யார் யாருடைய வீட்டுக்கு விடுமுறைக்குப் போகிறார்கள், எந்தப் பேராசிரியர் கடுமை, எந்த நேஷனில் வெள்ளிக்கிழமை சாப்பாடு மலிவு என்பதெல்லாம் காதில் விழ ஆரம்பித்தது. நேஷன் என்பது உப்சாலாவின் மாணவர் சங்கங்கள். மொத்தம் பதின்மூன்று. மலிவான சாப்பாடு, விழா, பாடகர் குழு, சின்னச் சின்ன வேலைகள் என்று மாணவர் வாழ்க்கையில் பாதி அங்கேதான் நடக்கிறது.

என் கோடைக்கால வேலையும் அந்த மேசையில்தான் கிடைத்தது. ஸ்வீடனில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நிரந்தர ஊழியர்கள் நீண்ட விடுப்பில் போவார்கள். முதியோர் இல்லங்களுக்கும் வீட்டுப் பராமரிப்புக்கும் தற்காலிக ஆட்கள் தேவைப்படும். அதற்கான ஆள் தேர்வு குளிர்காலம் முடியும் முன்பே தொடங்கிவிடும். இது காரிடார் பெண் ஒருத்தி பேச்சுவாக்கில் சொன்ன தகவல். ஆங்கிலம் மட்டும் போதுமான வேலைகள் என்று பார்த்தால் சாப்பாடு டெலிவரி, குடோன் வேலை, பத்திரிகை போடுவது, அதிர்ஷ்டம் இருந்தால் துறையில் ஆய்வு உதவியாளர். கஃபே, கடை, பராமரிப்பு வேலை எல்லாவற்றுக்கும் ஸ்வீடிஷ் வேண்டும்.

முதியோர் இல்லத்தில் என் பொறுப்பில் இருந்த ஒரு பாட்டிக்கு நினைவு மங்கிக்கொண்டு வந்தது. இளமையில் கற்ற ஆங்கிலமெல்லாம் போய், ஸ்வீடிஷ் மட்டும் தங்கியிருந்தது. காலையில் காபி கொடுக்கும்போது நான் சொல்லும் உயிரொலி தவறினால், கோப்பையைக் கீழே வைத்துவிட்டு உதட்டைக் குவித்துக் காட்டுவார். நான் சரியாகச் சொன்ன பிறகுதான் கோப்பையை மறுபடி எடுப்பார். பல மாதம் வகுப்பில் பிடிபடாத அந்த உயிரொலி எனக்கு அவரிடம்தான் வந்தது.

துணி துவைக்கும் அறை பற்றி ஒரு வார்த்தை. கட்டடத்துக்குப் பொதுவான இயந்திரங்கள், முன்பதிவு செய்த நேரத்தில்தான் பயன்படுத்த வேண்டும். ஸ்வீடன்காரர்கள் நிதானமானவர்கள், ஆனால் இந்த அறையில் ஒழுங்கு தவறினால் பொறுக்க மாட்டார்கள். நேரம் முடிந்தும் துணியை எடுக்காமல் விடுவது, டிரையர் வடிகட்டியில் பஞ்சைச் சுத்தம் செய்யாமல் போவது இரண்டும் பெருங்குற்றம். கோபம் வாய்ப்பேச்சில் வராது, கதவில் ஒட்டிய காகிதத்தில் வரும். அதைப் படிக்கத் தெரியாதவர்கள் தாங்கள்தான் அதில் குறிப்பிடப்பட்டவர் என்பதே தெரியாமல் மறுவாரமும் அதையே செய்கிறார்கள்.

தனி ஸ்டுடியோ எடுத்த நண்பர் ஒருவரின் அனுபவத்தையும் சொல்கிறேன். உள்வாடகைக்கு விட்டவர் ஸ்வீடிஷில் ஒரு ஒப்பந்தம் நீட்டினார். காலி செய்யும்போது சுத்தம் சரியில்லை என்று டெபாசிட்டில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டார். அந்த நிபந்தனை ஒப்பந்தத்தில் இருந்ததா என்பதே படித்துச் சொல்ல ஆள் கிடைத்த பிறகுதான் நண்பருக்குத் தெரிந்தது. இருக்கவே இல்லை. அறையை நேரில் பார்க்காமல், ஒப்பந்தத்தைப் புரிந்துகொள்ளாமல் ஒரு குரோனர்கூட அனுப்பாதீர்கள். கட்டணம் கட்டிப் படிக்கும் மாணவர்களுக்குச் சில பல்கலைக்கழகங்கள் தங்குமிடத்துக்கு உத்தரவாதம் தருகின்றன. அட்மிஷன் கிடைத்ததும் முதலில் அதைக் கேளுங்கள். ஸ்டாக்ஹோமில் எஸ்எஸ்எஸ்பி, கோத்தன்பர்க்கில் எஸ்ஜிஎஸ், லுண்டில் ஏஎஃப் பூஸ்டேடர் என்று மாணவர் வீட்டு அமைப்புகள் உண்டு. வரிசையில் காத்திருந்த நாட்கள்தான் ஸ்டாக்ஹோமில் அறையைத் தீர்மானிக்கும், ஆகவே சீக்கிரம் பெயர் பதியுங்கள்.

வகுப்புக்கு ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். அரை மதிப்பெண் குறைத்தது காத்திருப்புக்கும் ஆசிரியர் மாற்றத்துக்கும். காரிடார் அறைக்கு நான்கு.

இடம் கிடைக்கும்வரை சும்மா இருக்க வேண்டாம். 8 சீதூர் என்ற எளிய ஸ்வீடிஷ் செய்தித்தாள் இணையத்தில் இலவசம், ஒவ்வொரு செய்தியும் ஏழெட்டு வரிதான். ஸ்வீடிஷ் வானொலியிலும் எளிய மொழியில் செய்தி வாசிக்கிறார்கள். நூலகங்களிலும் சில தேவாலயங்களிலும் மொழிக் கஃபே நடக்கும். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் காபியும் பன்னும் வைத்துக்கொண்டு பொறுமையாகப் பேசுவார்கள், முன்பதிவு தேவையில்லை. டி படி முடித்தவர்கள் அடுத்து இரண்டாம் மொழி ஸ்வீடிஷ் பாடத்துக்குப் போகலாம், அதுவும் நகராட்சியே நடத்துகிறது. விண்ணப்பிக்கும்போது பாஸ்போர்ட், தங்கும் அனுமதி அட்டை, பெர்சனல் நம்பர், பட்டச் சான்றிதழின் நகல் ஆகியவற்றைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். சான்றிதழைக் காட்டினால் மூன்றாம் தடத்தில் சேர்வது எளிதாகும்.